கார்த்திகையில் கத்தரி: வீட்டுக் குண்டுமல்லியைக் கவாத்து செய்யும் முறை

கார்த்திகை பிறந்ததும் கொங்கு நாட்டு வீடுகளில் குண்டுமல்லிச் செடி பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் நிற்கிறது. ஐப்பசி மழையைக் குடித்து இலை தழைத்திருக்கும். கிளைகள் கொடிபோல் நீண்டு சுற்றுச்சுவரின் மேல் சாய்ந்திருக்கும். பூ மட்டும் நாளொன்றுக்கு ஐந்தோ ஆறோ தேறினால் அதிகம். மார்கழியும் தையும் நெருங்க நெருங்கச் சத்தியமங்கலம் பூச்சந்தையில் மல்லிகையின் விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆகவே கிடைக்கிற அந்த ஐந்தாறு பூவையும் விட மனம் வராமல், கத்தரியை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் இருந்துவிடுகிறோம். புதிதாக மல்லிகை வளர்க்கத் தொடங்கியவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே பெரியது என்பது என் கருத்து. கவாத்துக்கு, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவதற்கு, உரிய காலம் இதுதான்; வெட்ட வேண்டிய அளவும் மனம் ஒப்புகிற அளவைவிடச் சற்று அதிகமானதுதான்.

ஏன் வெட்ட வேண்டும்

குண்டுமல்லியின் மொட்டு, புதிதாக ஓடிய இளங்கிளையின் நுனியில்தான் கட்டுகிறது. முற்றிப் பழுப்பேறிய பழைய கிளை பூக்க வேண்டுமானால், அதன் கணுவிலிருந்து ஓர் இளங்கிளை கிளம்பி, அது நான்கைந்து சோடி இலை விட்டு, அதன் பிறகே நுனியில் மொட்டு வைக்கும். ஆகவே செடியில் எத்தனை இளங்கிளை நுனிகள் உள்ளனவோ அத்தனை பூங்கொத்துகளுக்கு இடம் உண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். வெட்டாமல் விட்ட செடி நுனியிலேயே நீண்டுகொண்டு போகும்; கீழ்க் கணுக்கள் உறங்கிக் கிடக்கும். நுனி போனதும் வெட்டுக்குக் கீழே உள்ள கணுக்கள் விழித்துக்கொண்டு, எதிரெதிராக இரண்டு இரண்டாகத் துளிர்விடும். ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டும் நான்குமாகப் பெருகுவது இப்படித்தான்.

குளிர்நாடுகளில் செடிக்கு வேண்டிய ஓய்வைப் பனிக்காலமே கொடுத்துவிடுகிறது. இங்கோ மார்கழிக் குளிர் எவ்வளவு கடித்தாலும் மல்லிகை இலையை முழுவதுமாக உதிர்ப்பதில்லை. நீரை நிறுத்தியும் கிளையை வெட்டியும் அந்த ஓய்வை நாம்தான் ஏற்படுத்த வேண்டும்.

“நல்லாத் தழைஞ்சு நிக்கற செடியைப் போய் வெட்டறீங்களே, அப்புறம் பூவுக்கு எங்கீங்க போறது?” என்று பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் ஆண்டுதோறும் என்னைக் கேட்கிறார். பங்குனியில் அவரே முதல் ஆளாகப் பூக்கூடையோடு வருகிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள்

நாம் பொதுவாக மல்லி என்று சொல்பவை எல்லாம் ஒரே செடி அல்ல. அவற்றின் கவாத்துக் காலமும் வேறு வேறு. குண்டுமல்லியின் இலை தனி இலை. அகலமாகவும் பளபளப்பாகவும் எதிரெதிராகவும் இருக்கும். அடுக்குமல்லியும் இதே இனம்தான் என்பதால் அதற்கும் இதே முறை பொருந்தும். ஜாதிமல்லியின், அதாவது பிச்சியின், இலை ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இறகுபோல் அடுக்கிய இலை. மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். முல்லையின் இலை சிறியது. பல இலைகளின் அடியில் இரண்டு காதுகள்போல இரண்டு குட்டி இலைகள் ஒட்டியிருக்கும். அந்தக் காதுகளைப் பார்த்துவிட்டால் முல்லையை வேறொன்றாக எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இம்மூன்றுக்கும் தனித்தனிக் காலத்தைப் பரிந்துரைக்கிறது: குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். நம் மாதக் கணக்கில் இவை முறையே கார்த்திகை, மார்கழி, தை மாதங்களின் இரண்டாம் வாரத்தை ஒட்டி வருகின்றன. கார்த்திகையில் குண்டுமல்லி, மார்கழியில் ஜாதிமல்லி, பொங்கல் கழிந்து முல்லை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மூன்றும் ஒரே வளவில் இருக்கின்றன என்பதற்காக ஒரே நாளில் வெட்டி வேலையை முடித்துவிட நினைக்க வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அந்த மழை சில ஆண்டுகளில் கார்த்திகையின் நடுப்பகுதிக்கு அப்பாலும் நீளும். எனவே நாள்காட்டியைவிட வானத்தைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது. தொடர்ந்து இரண்டு நாள் வெயில் அடித்து, இலையில் ஈரம் இல்லாத காலைப் பொழுதில் வெட்ட வேண்டும். ஓராண்டு ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் தூறல் விழும்போதே வெட்டிவிட்டேன். வெட்டு முனைகள் கறுத்து, அங்கிருந்து கீழ்நோக்கி இரண்டு கணு வரை கிளைகள் பட்டுப்போயின. பிறகு அவற்றையெல்லாம் மீண்டும் ஒருமுறை வெட்ட நேர்ந்தது. மழை விடாத ஆண்டில் மார்கழி முதல் வாரம் வரை தள்ளிப்போடுவதால் பெரிய நட்டம் ஒன்றும் வராது. பூ அந்த அளவுக்குப் பின்தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

வெட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே நீர் விடுவதை நிறுத்திவிடுங்கள். மழை பெய்தால் அது நம் கையில் இல்லை. ஆனால் குழாய் நீரையாவது நிறுத்தலாம். செடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

கருவிகள்

கவாத்துக் கத்தரி ஒன்று, விரல் தடிமனுக்கு மேற்பட்ட அடிக்கிளைகளுக்குச் சிறிய கைரம்பம் ஒன்று, கையுறை, ஒரு துணி, சிறிது ஸ்பிரிட்: இவ்வளவும் இருந்தால் போதும். கொடுவாளால் ஒரே வீச்சில் வெட்டிச் சாய்ப்பது தோட்டங்களில் பழகிய கைக்குச் சரிவரலாம். புதியவர் கையில் அது கிளையைப் பிளந்துவிடும், பிளந்த கிளையில் நீர் இறங்கி அழுகல் பிடிக்கும். சமையலறைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்குமே தவிர வெட்டாது. கத்தரியின் வாயை வேலை தொடங்கும் முன்பும், ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகும் முன்பும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

வெட்டும் முறை

உடனே கத்தரியை வைக்காமல், செடியை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். தூரிலிருந்து எத்தனை தண்டுகள் எழுகின்றன, அவற்றில் எவை வலுவானவை, எவை பட்டவை என்று கண்ணால் பிரித்துக்கொண்டால் பிறகு கை தயங்காது.

முதலில் பட்டுப்போன கிளைகளை அடியோடு எடுங்கள். சந்தேகமாக இருந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்கலாம்: உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகக் காய்ந்திருந்தால் இல்லை. அடுத்து நோயும் பூச்சியும் பிடித்த கிளைகளை எடுங்கள். இலையிலும் இளந்தண்டிலும் வெள்ளை மயிர்போலப் படர்ந்திருந்தால் அது சிலந்திப் பேனின் வேலை. அத்தகைய கிளைகளை நடுவில் வெட்டாமல் கீழே வரை எடுத்துவிட வேண்டும். மூன்றாவதாக, ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்ததையும், செடியின் நடுவை நோக்கி உள்ளே வளரும் குச்சிகளையும் நீக்குங்கள். இந்த மூன்றும் முடியும்போதே செடி பாதியாகிவிடும்.

இப்போதுதான் உயரத்துக்கு வருகிறோம். வயலில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டுவது பரிந்துரை. முல்லைக்கு 45 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு முழத்துக்குச் சற்று மேல் என்று கொள்ளுங்கள். வீட்டில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடியைப் பார்த்துவிட்டு முழ உயரத்தில் வெட்டச் சொன்னால் எவருக்கும் கை நடுங்கும். அதனால்தான் பலர் நுனியில் நான்கு விரற்கடை மட்டும் கிள்ளிவிட்டுக் கவாத்து செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கிள்ளினால் துளிர் முழுவதும் உச்சியிலேயே வரும். அடுத்த ஆண்டு பூப்பறிக்க ஏணி வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் கத்தரியே படாத கிழட்டுச் செடியாக இருந்தால் மட்டும் இரண்டு தவணையாக வெட்டலாம்: இந்த ஆண்டு பாதித் தண்டுகளை முழ உயரத்துக்கும் மீதியை இடுப்பு உயரத்துக்கும் இறக்கி, அடுத்த கார்த்திகையில் மீதியையும் முழ உயரத்துக்குக் கொண்டுவரலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வெளிநாட்டுத் தோட்டக் காணொளிகளில், பியோனி என்னும் பூச்செடியைக் குளிர் தொடங்கும்போது நிலமட்டத்துக்கே அறுத்துவிடுவதைக் காட்டுகிறார்கள். அந்தச் செடியின் பெரும்பாலான வகைகளில் தண்டு ஆண்டுதோறும் தானாகவே பட்டுப்போகும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குபோன்ற வேரிலிருந்து வசந்தத்தில் மறுபடி முளைக்கும். அதைப் பார்த்துவிட்டு மல்லிகையையும் மண்ணோடு அறுத்துவிடக் கூடாது. மல்லிகை கட்டைத் தண்டுள்ள புதர். அடித்தண்டில் இருக்கும் கணுக்கள்தாம் அதன் மூலதனம். அவற்றையும் வெட்டிவிட்டால் துளிர்க்க நெடுநாள் ஆகும், துளிர்க்காமலும் போகலாம்.

ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கால் அங்குலம் விட்டு, சற்றே சாய்வாக அமைய வேண்டும். அதிக நீளம் விட்டால் அந்த மொட்டைக் குச்சி காய்ந்து பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். கணுவை ஒட்டியே வெட்டினால் துளிர்க்க வேண்டிய கண்ணே காய்ந்துவிடும். முடிவில் ஒவ்வொரு செடியிலும் நன்றாக இடைவெளி விட்டு வெளிநோக்கி விரிந்த ஐந்தாறு வலுவான தண்டுகள் நின்றால் போதுமானது. தூரிலிருந்து புதிதாகக் கிளம்பும் கொழுத்த போத்துகளில் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். கிழடான தண்டுகளின் இடத்தை நாளை அவையே நிரப்பும். ஒட்டுக் கட்டிய ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் போத்தை உடைத்தெறிவோம் அல்லவா, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். மல்லிகை பதியன் போட்டோ குச்சி நட்டோ வளர்க்கப்படுவதால், அடியில் வருவதும் அதே மல்லிகைதான்.

தண்டில் எஞ்சிய இலைகளைத் தோட்டக்காரர்கள் பலர் முழுவதுமாக உருவிவிடுகிறார்கள். வீட்டுச் செடிக்கு அவ்வளவு தேவையில்லை. மஞ்சளித்ததும் புள்ளி விழுந்ததும் பேன் பிடித்ததுமான இலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

வெட்டுவாயில் பூச வேண்டியது

பென்சில் தடிமனுக்குக் குறைவான கிளைகளுக்கு ஒன்றும் பூச வேண்டியதில்லை. வெயில் அடித்தால் தானே காய்ந்துவிடும். தடித்த தண்டுகளின் வெட்டுவாய்க்கு போர்டோ பசை பூசுவது நல்லது. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியால் கலக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரங்கள் கூடாது. ஒரு இரும்பு ஆணியைச் சற்று நேரம் அதில் முக்கி எடுத்தால் செம்பு படிந்து சிவக்கக் கூடாது. சிவந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். ஒரே ஒரு செடிக்காக இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்கள் உரக்கடையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு சிறு பொட்டலம் வாங்கி நீரில் குழைத்துப் பூசலாம். இரண்டையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கழிவில் பூச்சி பிடித்ததை எரித்துவிடுங்கள். செடியடியிலேயே போட்டுவைத்தால் பேனும் புழுவும் மீண்டும் ஏறும். நலமாக இருக்கும் முற்றாத குச்சிகளில் நான்கு கணு உள்ள துண்டுகளைத் தொட்டியில் நட்டு நிழலில் வைத்துப் பார்க்கலாம். எனினும் வீட்டளவில் நம்பகமானது பதியன்தான்: தாழ்ந்த கிளை ஒன்றை வெட்டாமல் விட்டுவைத்து, அதன் நடுவில் சிறு கீறல் போட்டு மண்ணில் புதைத்து ஒரு கல்லை வைத்தால், மூன்று நான்கு மாதங்களில் வேர்விட்ட புதுச் செடி தயார். கவாத்தின்போது அந்த ஒரு கிளையை மறந்து வெட்டிவிடாமல் அடையாளத்துக்கு ஒரு துணியைக் கட்டிவையுங்கள்.

எருவும் நீரும்

கவாத்தும் எருவும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். செடியின் தூரிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக மண்ணைக் கொத்திவிட்டு, நன்கு மக்கிய குப்பை எரு 10 கிலோ போட்டு மூடுங்கள். வயலில் நன்கு வளர்ந்த செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் என்று பரிந்துரைத்து, அதில் பாதியைக் கவாத்து முடிந்ததும் மறுபாதியை ஆனி, ஆடியிலும் இடச் சொல்கிறார்கள். உரக்கடைக் கணக்கில் ஒரு தவணைக்கு ஏறத்தாழ யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் ஆகும். வீட்டுச் செடிக்கு இதில் பாதி கொடுத்தாலே நன்றாகத் தழைக்கும். உரத்தைத் தண்டில் படாமல் தூவி, மண்ணால் மூடி, நீர் விட வேண்டும்.

அன்று ஒருமுறை நன்றாக நனையும்படி விட்ட பிறகு நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இலை குறைந்த செடி அதிக நீர் குடிக்காது. மண் சேறாகவே இருந்தால் வேர் அழுகும். இரண்டு மூன்று வாரங்களில் கணுக்களில் துளிர் தெரிந்ததும் நீரைப் படிப்படியாகக் கூட்டலாம்.

கோவையில் பல வீடுகளில் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்க் குழாய் ஒன்று என இரண்டு இருக்கும். செடிக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்த நீரும், சுண்ணாம்புக் கல் கலந்த மண்ணும் சேர்ந்த இடங்களில் புதுத் துளிர் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் மஞ்சளாகவும் வருவதுண்டு. இது இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து, மாதம் ஒருமுறை இலை பச்சையாகும் வரை தெளிக்க வேண்டும். கவாத்து சரியாகச் செய்தும் செடி எழவில்லையே என்று வருந்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது துளிரின் நிறத்தைத்தான்.

தொட்டியும் பந்தலும்

மாடியில் தொட்டியில் வளரும் குண்டுமல்லியை இன்னும் தாழ்வாக, ஒரு அடி உயரத்துக்கு வெட்டலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே தொட்டியில் இருந்தால் செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்டிருக்கும் வேர்களை இரண்டு விரற்கடை அளவுக்குச் சீவிவிட்டுப் புதுச் செம்மண்ணும் எருவும் கலந்து திரும்ப வையுங்கள். கிளையும் வேரும் ஒன்றாகக் குறைவதால் செடி ஈடுகொடுத்துக்கொள்ளும். வெட்டிய ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு முழு வெயிலுக்குக் கொண்டுவரலாம்.

வாசல் பந்தலில் ஏற்றிய முல்லையை முழ உயரத்துக்கு வெட்டினால் பந்தலே காலியாகிவிடும். அங்கே தண்டையும் பந்தலில் பரவிய முக்கியக் கொடிகளையும் விட்டுவிட்டு, அவற்றிலிருந்து பிரியும் பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். நட்டு ஓராண்டு ஆகாத செடி எதுவானாலும் கடும் கவாத்து வேண்டாம். நுனிகளைக் கிள்ளிவிட்டால் போதும்.

துளிர்த்த பிறகு

கார்த்திகையில் வெட்டிய செடி மாசிக்குப் பிறகு மொட்டு வைக்கத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் பூ உச்சத்துக்கு வரும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த நுனியை இரண்டு கணு இறக்கிக் கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று விரைவில் வரும். இது கவாத்து அன்று, கைவாக்கில் செய்கிற சிறு வேலை. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று நீண்ட கிளைகளை முறிக்கும் என்பதால், அப்போது எல்லை மீறியவற்றை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் இலையில் வெண்மயிர் மீண்டும் தோன்றினால் நனையும் கந்தகத்தை (நீரில் கரையும்படி செய்த கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலை வேளையில் தெளிக்கலாம்.

வெட்டி நாற்பது நாளாகியும் துளிர் வராவிட்டால் உடனே செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். மறுபடியும் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் நீரை மட்டும் அளவோடு விட்டுக் காத்திருங்கள். குளிர் அதிகமான ஆண்டில் தை பாதி வரைகூட உறங்கும். மேலே காய்ந்து கீழே பச்சையாக இருந்தால் பச்சை தொடங்கும் கணு வரை இறக்கி வெட்டுங்கள். அடித்தண்டு வரை பழுப்பாக இருந்து, மண்ணைக் கிளறினால் வேரும் கறுத்திருந்தால் செடி போய்விட்டது. அந்தக் குழியின் மண்ணை அள்ளிவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்துக் குழியில் ஊற்றி, நன்றாக வெயிலில் காயவிட்டு, ஆனி பிறந்த பிறகு அங்கே பதியன் செடியை நடலாம்.